கையெழுத்து வைக்கும் முன் சொல்லித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

'இளமையில் உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தராத புத்திமதி எது?' என்று வாசகர்களிடம் கேட்டு, வந்த பதில்களைச் சில வாரங்களாகப் பிரசுரித்து வருகிறீர்கள். ஒன்றையும் விடாமல் வாசித்தேன். கோபத்தை அடக்கியிருக்கலாம், நல்ல புத்தகங்களை வாசித்திருக்கலாம், தாய் தகப்பனோடு இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கலாம், உடம்பைக் கவனித்திருக்கலாம் என்று பெரியவர்கள் மனம் திறந்து எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நான் கிராம உத்தியோகத்தராகப் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும் வேலை செய்த காலத்தில், என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து "அப்ப ஒருத்தரும் எனக்கு இதச் சொல்லித் தரல்லயே மிஸ்" என்று அழுதவர்கள் இவற்றைச் சொல்லி அழவில்லை. ஒரு கையெழுத்தைச் சொல்லி அழுதார்கள். முடிக்காமல் விட்ட காணி உறுதியை (காணிப் பத்திரத்தை), வேறு யாருடைய பெயரிலோ போய்ச் சேர்ந்த சல்லியைச் சொல்லி அழுதார்கள். அவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் அல்ல. அதனால் அவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டைப் பற்றி. வெளி மாவட்ட வாசகர்களுக்காக எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரிடமும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாங்கள் இருந்த வீட்டையே மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுத் தாய் தகப்பன் மாறுவார்கள். அடுத்தவளுக்கு இன்னொரு வீடு. அண்ணன்மார் கட்டாரிலும் சவூதியிலும் உழைத்து அனுப்புவதில் பெரும்பங்கு இந்த வீடுகளுக்குத்தான் போகிறது. இந்த வழக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. புருஷன் விட்டுப் போன பெண்களுக்கும், யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை மிஞ்சியது இந்த வழக்கத்தால்தான். கொடுத்த வீட்டை எழுதிக் கொடுக்காமல் விடுவதுதான் என் கவலை.

வாயால் கொடுத்த வீடு சட்டத்தின் முன் கொடுத்த வீடு ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த நாளிலிருந்து, இந்த நாட்டில் தனியார் காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு (உறுதி எழுதும் அதிகாரம் பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். அப்புறம் அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பந்தல் போட்டு, ஊருக்கே சோறு கொடுத்து, வீட்டுத் திறப்பை மகளின் கையில் வைத்தால் ஊர் பார்த்திருக்கும். பதிவகத்தில் ஒரு வரியும் ஏறியிருக்காது.

வீட்டுக் கடனுக்கோ வீடமைப்பு உதவிக்கோ ஒரு பெண் வருவாள். "உறுதி யார்ட பேர்ல மகள்?" என்று கேட்பேன். "அம்மம்மாட பேர்ல கிடக்கு மிஸ்" என்பாள். அம்மம்மா செத்து எத்தனையோ வருடம். அம்மம்மா தன் மகளுக்குக் கொடுத்தார், அந்த மகள் தன் மகளுக்குக் கொடுத்தார், எல்லாம் வாயால். சட்டப்படி அந்த வளவு இப்போது அம்மம்மாவின் எல்லாப் பிள்ளைகளுக்கும், இறந்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் பங்கான காணி. அவர்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் வன்னியில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. எல்லோரும் ஒப்பம் வைத்தால்தான் இவளுக்குத் தெளிவான உறுதி. வங்கி அதுவரை காத்திருக்காது. சீமெந்து பூசாத சுவரோடு அந்த வீடு அப்படியே நிற்கும்.

பெற்றவர்கள் ஏன் எழுதவில்லை? நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். "எழுதிக் குடுத்தா மறுகா நம்மள வெளிய போகச் சொல்லுவாங்க கா" என்று வயதானவர்கள் மெதுவாகச் சொல்வார்கள். இந்தப் பயம் நியாயமானது. அதற்கு வழியும் இருக்கிறது. நன்கொடை உறுதி முடிக்கும்போது தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு முடிக்கலாம். வீடு மகளின் பெயருக்குப் போய்விடும். தாயும் தகப்பனும் சாகும்வரை அதில் இருக்கும் உரிமை அவர்களுக்கே இருக்கும். மருமகன் வந்து சத்தம் போட்டாலும் அவர்களை எழுப்ப முடியாது. நொத்தாரிசிடம் வாய் திறந்து கேட்டால் உடனே சொல்லித் தரும் விஷயம் இது. கேட்கலாம் என்றே தெரியாமல் எங்கள் ஊர்களில் ஒரு தலைமுறை வாழ்ந்து முடித்துவிட்டது.

பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, இன்னொரு கதை. உன்னிச்சை, நவகிரி, கல்லோயா என்று குளத்தை நம்பிக் குடியேறியவர்களின் வயலும் மேட்டுக்காணியும் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கிடைத்தவை. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி, "இன்னார் இன்னாருக்கு விற்றேன்" என்று எழுதி, இரண்டு பேர் சாட்சி வைத்த எத்தனையோ கடதாசிகளை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்த காசு உண்மை, கடதாசி செல்லாது. அதைவிடப் பெரிய சிக்கல், பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணிக்கு உரியவர்) யார் என்று பதியாமல் விடுவது. பெர்மிட்காரரும் மனைவியும் அப்படிப் பதியாமலே இறந்தால், மிக நீண்ட காலம் அந்தச் சட்டம் மூத்த ஆண்பிள்ளையைத்தான் முன்னுக்கு நிறுத்தியது. இங்கே வழக்கமோ காணியும் வீடும் பெண்பிள்ளைக்கு. தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்த மகள் வளவுக்குள் இருப்பாள். தூரத்தில் இருக்கும் அண்ணனின் பெயருக்கு உரிமை போகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆண், பெண் என்ற அந்த வேறுபாட்டை நீக்கினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் பெயரைப் பதிந்துவிட்டால் இந்தப் பிணக்குக்கே இடமில்லை. பெர்மிட் வைத்திருப்பவர் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய் எழுதிக் கொடுக்கிற காரியம்தான் அது.

சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோன வீடுகளில் மிகப் பல, பெண்களின் சீதன வீடுகள். அவற்றுக்குப் பதிலாகப் புதுக் குடியிருப்புகளில் வீடு கொடுத்தபோது 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் யார் பெயர் இருந்ததோ அவர் பெயருக்கே கடதாசி போனது. அது பெரும்பாலும் புருஷன் பெயர். தாய்வழியாக வந்த சொத்து ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியதால் கைமாறியது. கிழக்கில் பெண்கள் கூடிக் கதைத்து, இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் காட்டிய இடத்தில் ஒப்பம் வைத்துவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். அழுது வீங்கிய கண்ணோடு நிற்கிறவளை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைச் சின்ன வயதில் அவளுடைய தாய் ஒரு தடவை சொல்லி வைத்திருந்தால், அந்தக் கட்டத்தைக் கண்டதும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

அடுத்தது பிணை, அதாவது இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைப்பது. அரச சம்பளம் எடுக்கத் தொடங்கிய பிள்ளையைத் தேடி அதிக நாள் போகாமலே ஒரு பத்திரம் வரும். மச்சானுக்கு லோன், பெரியப்பாவின் மகனுக்கு லோன், கூடப் படிப்பிக்கிற சேருக்கு லோன். "ஒரு ஒப்பம்தானே" என்பார்கள். கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணை வைத்தவர் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரியும். எப்படி என்பது தெரியாது. கடன்காரரிடம் முதலில் அறவிடு, முடியாவிட்டால் மட்டும் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை எங்கள் நாட்டுச் சட்டத்தில் பிணையாளிக்கு உண்டு. வங்கிகளின் பிணைப் பத்திரங்களில் வழக்கமாக, அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். அதன் கீழ்தான் நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள். ஆக வங்கி நேரே உங்களிடம் வரலாம். அந்தக் கடன் நிலுவையாகிவிட்டால், யார் கடனைக் கட்டினார், கட்டவில்லை என்று வங்கிகளுக்குக் காட்டும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை உங்கள் சொந்தக் கடனுக்கும் தடையாக வரலாம்.

இளம் ஆசிரியை ஒருவர். கலியாணம் பேசி, வீட்டு வேலையை முடிக்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கியில் இல்லை என்றுவிட்டார்கள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கு வைத்த பிணை. "ஒப்பம் வச்ச அண்டைக்கு அவர் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார் மிஸ், அதுதான் எனக்கு ஞாபகம் கிடக்கு" என்றாள். கலியாணம் தள்ளிப் போனது. சொந்தமும் அன்றோடு முறிந்தது.

'பிணை வைக்காதே' என்று மட்டும் பிள்ளைக்குச் சொன்னால் காணாது என்பது என் அனுபவம். இருபத்துநான்கு வயதுப் பிள்ளை பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று எப்படிச் சொல்லும்? அதற்கு ஒரு வாய்ப்பாடு கொடுக்க வேண்டும். "எங்கட அம்மா சத்தியம் வாங்கியிருக்கா, பிணை மட்டும் வைக்க ஒண்ணா பெரியப்பா" என்று சொல்லட்டும். பழியை நாங்கள் ஏற்றுக்கொள்வோம். பெரியப்பா கொஞ்ச நாள் எங்களோடு கதைக்க மாட்டார், சரி, பரவாயில்லை. என் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன், அவர்கள் அதைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி, அதாவது வயதான காலத்துக்கென்று சம்பளத்தோடு சேரும் ஈ.பி.எப். பற்றி, சொல்லாமல் விட முடியாது. எங்கள் பொடியன்கள் ஓ.எல். முடித்ததும் மட்டக்களப்பு, கல்முனைக் கடைகளில் நிற்கிறார்கள், கொழும்புக்குப் போகிறார்கள். பெண்பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். நாலைந்து வருடம் உழைத்துவிட்டு ஊருக்கு வந்தால், 'உன்ர ஈ.பி.எப். இலக்கம் என்ன மனே?' என்று கேட்டால் முழிப்பார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் இது. தொழிலாளி சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம், அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டக் கூடாது. கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இது பொருந்தும். 30,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்குச் சேமலாப நிதி மட்டும் மாதம் 6,000. ஐந்து வருடத்தில் வட்டி இல்லாமலே 3,60,000. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் அந்தக் காசைக் கையில் கண்டால் ஒரு கிணறும் கட்டி, ஒரு மாடும் வாங்கும்.

"முதலாளி என்னைத் தம்பி மாதிரித்தான் பார்த்தார் மிஸ். எப்படிப் போய் இதக் கேட்கிற?" என்று ஒரு பையன் சொன்னான். நல்ல பையன், கடைத் திறப்பையே இவனிடம் நம்பிக் கொடுத்திருந்தார்களாம். தம்பி மாதிரி என்றால் தம்பிக்குச் சேர வேண்டியதைக் கட்டியிருக்க வேண்டாமா? வேலையில் சேரும் முதல் மாதத்திலேயே சம்பளச் சீட்டும் அங்கத்துவ இலக்கமும் கேட்க வேண்டும். முதல் மாதத்தில் கேட்டால் அது சாதாரணக் கேள்வி. நாலு வருடம் கழித்துக் கேட்டால் சண்டை. தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குச் சேவைக்காலப் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம். 1983ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே வேலையை விட்டு வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்த நிதியை முழுதாக எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் அதற்கு முன்பே எடுக்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. என்னைக் கேட்டால், முடிந்தவரை எடுக்காதே என்பேன். கலியாணச் செலவில் அந்தக் காசு போன தடமே தெரியாது. ஐம்பது வயதில் யாரிடமும் கை நீட்டாமல் தன் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வாங்க அது உதவும்.

வெளிநாடு போகிற பெண்களைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது. 2013இலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கேட்டார்கள். பிள்ளைகள் எத்தனை, என்ன வயது, தாய் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் அதில் விசாரிப்போம். அது தேவையான விசாரணையா, பெண்ணை மட்டும் கட்டிப்போடும் விசாரணையா என்று வாதம் இருக்கிறது. நான் கண்ட குறை வேறு. உழைக்கிற சல்லி யார் பெயரில் வரப்போகிறது என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை. பல பெண்கள் புருஷனின் கணக்குக்கோ தம்பியின் கணக்குக்கோ அனுப்பினார்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. வீட்டில் அரிசி, பிள்ளைக்கு டியூஷன், மாமிக்கு மருந்து என்று அது கரைந்துதான் போகும். ஆனால் திரும்பி வந்தவளின் பெயரில் ஒரு புத்தகம்கூட இல்லாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லி அனுப்பியது இதுதான்: உன் பெயரில் மட்டும் ஒரு கணக்கைத் திறந்துவிட்டுப் போ, மாதத்தில் ஐந்தில் ஒரு பங்காவது அதற்கு அனுப்பு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே அனுப்பு. ஒளித்துச் சேர்த்தால் பின்னுக்குச் சந்தேகம் வரும், தெரிந்து சேர்த்தால் பழகிவிடும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதே. ஒப்பந்தத்தின் ஒரு பிரதி அம்மாவிடம் இருக்கட்டும்.

நுண்கடன், அதாவது கம்பனிகள் ஊருக்குள் வந்து கொடுக்கும் சின்னக் கடன், பற்றி உங்கள் பத்திரிகை நிறைய எழுதியிருக்கிறது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. நான் ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன், அதைப் பள்ளிக்கூடத்தில் கணிதப் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம். ஒரு இலட்சம் ரூபாய்க் கடன், மாதம் 2 வீதம், பன்னிரண்டு மாதத் தவணை. மொத்தம் 1,24,000 கட்ட வேண்டும். கொண்டுவருகிறவர் 24 வீத வட்டி என்பார். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் சேர்த்துக் கட்டி வருகிறீர்கள். ஆறாம் மாதம் முடியும்போது உங்கள் கையில் இருக்கும் கடன் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். வட்டியோ இன்னமும் முழு இலட்சத்துக்கும் போகிறது. உண்மையான வட்டி வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டும். 'முதல் குறையக் குறைய வட்டியும் குறையுமா?' என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெற்றுத் தாளிலும் நிரப்பாத காசோலையிலும் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்து வைக்கக் கூடாது. கைமாற்றுக் கடனுக்கு ஈடாக அறுதி உறுதி (முழுதாக விற்றதாக எழுதும் உறுதி) முடித்துக் கொடுத்துவிட்டு, "காசக் கட்டினா திருப்பி எழுதித் தருவார்" என்று நம்பினால் பிறகு நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டி வரும். காணியை அடகு வைக்கும் ஈட்டு உறுதி வேறு, அறுதி உறுதி வேறு, எதை முடிக்கிறோம் என்று நொத்தாரிசிடமே சத்தமாகக் கேளுங்கள். மோட்டார் சைக்கிளை விற்கும்போது திகதி போடாத படிவத்தில் ஒப்பம் வைத்து 'ஓபன் பேப்பர்' கொடுக்காதீர்கள். வாங்கினவர் பெயரை மாற்றாமல் ஓடித் திரிந்து எங்காவது மோதினால் பொலிஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நண்பனுக்காக உங்கள் பெயரில் லீசிங் எடுக்காதீர்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நிற்காமல் விவாகப் பதிவும் செய்துகொள்ளுங்கள். புருஷன் இறந்த பின் ஓய்வூதியத்துக்கோ நட்டஈட்டுக்கோ வரும் பெண்ணிடம் அந்தப் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்புறம் பெயர். பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, பள்ளிக்கூட இடாப்பில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. சேமலாப நிதி இழுபடுவதற்கும், கடவுச்சீட்டு தாமதிப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு. பதியாமலே விட்டவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்நாள் முழுவதும் விளக்கம் சொல்லித் திரிய வேண்டியிருக்கும். எழுத்துப் பிழையைப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போதே திருத்திவிடலாம். முப்பது வயதில் விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள், "நாளைக்குத் தரலாமா மிஸ்" என்று.

இதற்கெல்லாம் எங்கள் பெரியவர்கள் அசட்டை என்று நான் சொல்ல மாட்டேன். 1978 சூறாவளி, 1990 யுத்தம், சுனாமி, 2007 இடப்பெயர்வு, 2011 வெள்ளம் என்று றங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். கடதாசியின் அருமை எங்களைவிட யாருக்குத் தெரியும்? முகாமில் வரிசையில் நின்றபோது நெஞ்சுக்குள் பொலித்தீன் பையில் உறுதியைச் சொருகி வைத்திருந்த கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாக்கத் தெரிந்த அவர்களுக்கு அதைப் பற்றிப் பிள்ளைகளோடு கதைக்கத்தான் முடியவில்லை. உறுதியைப் பற்றிக் கதைத்தால் சாவைப் பற்றிக் கதைப்பதாக எடுக்கிறார்கள். "நான் கண்ண மூடுறதுக்குள்ள பங்கு கேட்கியா?" என்று தகப்பன் கோபிக்கிறார். பிணையைப் பற்றிக் கதைத்தால் மச்சானைச் சந்தேகப்படுவதாக எடுக்கிறார்கள். "சொந்தத்துக்குள்ள என்ன எழுத்து?" என்பது எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்லப்படும் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சில் மரியாதை இல்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் தாயின் செத்த வீட்டில் வேலியின் இரண்டு பக்கமும் தனித்தனிப் பந்தல் போட்டு நின்றதை நான் பார்த்தேன். எழுதாமல் விட்ட ஒரு சின்னத் துண்டுக் காணிதான், பத்துப் பேர்ச், காரணம். தாய் இருக்கும்போது ஒரு காலைப் பொழுது ஒதுக்கி நொத்தாரிசிடம் போயிருந்தால் அவர்கள் இன்றும் ஒரு சட்டியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இளம் வாசகர்களுக்கு ஒன்று. உங்களுக்கு விளங்காத மொழியில் இருக்கும் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்படத் தேவையில்லை. தனியார் நிறுவனத்தின் பத்திரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், "ஒரு நாளைக்குத் தாங்க, வீட்ட காட்டிட்டுக் கொண்டு வாறன்" என்று சொல்லுங்கள். நேர்மையானவர் தருவார். தர மாட்டேன், இப்பவே வை என்று அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி என் கோரிக்கை. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை பிள்ளைகள் சில மாதம் சும்மா இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாடசாலையும் ஒரே ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரையும், பதிவாளரையும், தொழில் திணைக்கள உத்தியோகத்தரையும், ஊரில் இருக்கும் ஒரு நொத்தாரிசையும் அழைத்துப் பிள்ளைகளோடு கதைக்க விடலாம். ஒரு வெற்றுப் பிணைப் பத்திரம், ஒரு சம்பளச் சீட்டு, ஒரு பழைய உறுதியின் பிரதி ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வரி வரியாக வாசிக்கச் செய்ய வேண்டும். தாய்மாரும் வந்து பின்வரிசை வாங்கில் இருக்கட்டும். குருமண்வெளிப் பாதையால் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகால்) தினமும் மண்டூருக்குக் கடக்கும் ஆசிரியர்களில் இதை நடத்தக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டாலும் வருவேன்.

உங்கள் பத்திரிகையும் வாரத்தில் அரைப் பக்கம் இதற்குத் தர வேண்டும். ஒரு வாரம் ஒரு படிவம். அதை அப்படியே அச்சடித்து, எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறோம், எழுதினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் விளக்கம் போடுங்கள். சீவிய உரித்தோடு முடித்த நன்கொடை உறுதியிலிருந்து தொடங்கலாம் என்பது என் விருப்பம். எழுத்தைச் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டினாலும், தங்கள் கண்ணாலும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று வயதானவர்கள் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உத்தியோகத்தர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.